வெயில் ஊருக்கு வந்த மாத்திரை

தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார் என்று ஆம்புலன்ஸில் தூக்கி வருவார்கள். வாயில் நுரை தள்ளியிருக்கும். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். சிறுநீரும் மலமும் தன்னை அறியாமல் போயிருக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு ஏறினால் இதுதான் கோலம். ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி, நிலக்கோட்டை பக்கம் மல்லிகை என்று மருந்தடிப்பு ஓயாத திண்டுக்கல் மாவட்டத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு அடுத்து எந்த ஊசி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அட்ரோபின்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். நெஞ்சில் கேட்கும் இரைச்சல் அடங்க வேண்டும், அக்குள் உலர வேண்டும், நாடித்துடிப்பு 80ஐத் தாண்ட வேண்டும். இந்த முறை நிலைபெற்றதில் இலங்கையின் அநுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அளவு கொஞ்சம் மிஞ்சிவிட்டால் படம் தலைகீழாகும். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், குடல் அசைவு நிற்கும், வியர்வை நின்று உடம்பு கொதிக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். நோயாளி வெறும் காற்றில் எதையோ பிடுங்குவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டு பிதற்றுவார். சாலையோரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும் ஊமத்தையின் காயைத் தின்றவருக்கும் இதே கதிதான், ஏனென்றால் அதற்குள் இருப்பதும் இந்தக் குடும்பத்து வேதிப்பொருள்களே.

சிறுநீர்ப்பை அடங்காமல் துடிக்கிறது என்று மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகளில் பெரும்பாலானவை அட்ரோபினுக்குப் பங்காளிகள். ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின், டாரிஃபெனாசின், ட்ரோஸ்பியம் எல்லாம் ஒரே வகை. அளவு சிறியது, வேகம் குறைவு. ஆனால் எந்தெந்த உறுப்பில் கைவைக்கும் என்ற பட்டியல் மேலே சொன்னதேதான். அந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டால், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் படிக்காமலே பக்க விளைவுகளில் பாதியை ஊகித்துவிடலாம்.

முதலில் நோயைப் பார்ப்போம். சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். பாதிகூட நிரம்பாதபோதே ‘போகலாமா’ என்று மெல்லக் கேட்கும். நாம் ‘இரு’ என்றால் இருக்கும். மிகைச்செயல் சிறுநீர்ப்பையில் இந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. திடீரென்று முட்டும், அடக்க முடியாது. பகலில் எட்டுத் தடவைக்கு மேல், இரவில் தூக்கம் கெட்டு இரண்டு மூன்று தடவை, சிலருக்குக் கழிப்பறைக் கதவைத் தொடும்முன்பே சேலை நனைந்துவிடும். கிருமித் தொற்றோ வேறு வெளிப்படையான காரணமோ இல்லாமல் இப்படி இருந்தால்தான் அதற்கு இந்தப் பெயர். நம் ஊரில் இதை நோய் என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவோர் குறைவு. பெண்கள் மகளிடம்கூடச் சொல்வதில்லை. வேடசந்தூர் நூற்பாலைக்கு ஷிப்டுக்குப் போகிறவர், நத்தம் பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியவர், எல்லாரும் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றே: காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. திண்டுக்கல் வெயிலில் அப்படி இருந்தால் சிறுநீர் சுண்டி, மஞ்சளாகி, பையின் உள்சுவரை உறுத்தி, முட்டுவது இன்னும் கூடும். பிறகு நீர்க்கடுப்பு என்று கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிக்கொள்வார்கள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். 1921இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக்கொண்டு ஒன்றின் நரம்பைத் தூண்டினார். அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதன் மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் பேசுகிறது என்று அப்போது தெளிந்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீர்ப்பையின் தசையைச் சுருங்கச் சொல்வதும் அசிட்டைல்கோலின்தான். தசையின் மேல் உள்ள எம்3 என்ற ஏற்பியில் அது வந்து அமர்ந்தால் தசை இறுகும். மாத்திரை அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. தசை அமைதியாகிறது.

சிக்கல் என்னவென்றால் எம்3 சிறுநீர்ப்பைக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், கண்ணின் குவியத் தசை, வியர்வைச் சுரப்பி என்று எங்கும் இருக்கிறது. மாத்திரை இரத்தத்தில் கலந்துவிட்டால் அதற்கு முகவரி தெரியாது.

இந்த வகையில் மூத்தவற்றில் ஒன்று ஆக்ஸிபியூட்டினின். அமெரிக்காவில் 1975இல் அனுமதி பெற்றது. அதன் பழைய சாதாரண மாத்திரையைச் சோதித்தபோது பத்தில் ஏழு பேர் வாய் வறட்சி என்றார்கள். 2004இல் வந்த சோலிஃபெனாசின் எவ்வளவோ மேல். 5 மில்லிகிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் 28 பேருக்கும் வாய் வறண்டது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 4 பேர் அப்படிச் சொன்னார்கள். மலச்சிக்கலும் இதே வரிசையில் 5, 13, 3. அளவை இரட்டித்தால் தொல்லை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்பதைக் கவனியுங்கள். ‘குறையலையா, டபுளா போடுங்க’ என்று பக்கத்து வீட்டார் சொல்லும் யோசனைக்கு இதுவே பதில்.

குளிர் நாட்டு மருத்துவ நூல்கள் வாய் வறட்சியை ‘லேசான’ விளைவு என்று ஒதுக்கி வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏப்ரல் மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவருக்கு நாக்கு வறள்வது எந்த அளவுக்கு லேசானது என்று தெரியும். வறண்டால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். குடித்தால் மீண்டும் முட்டும். அப்புறம் மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றும். டீ குடித்து நாக்கை நனைப்பவர்களுக்குக் கஃபீனும் சேர்ந்து சிறுநீர்ப்பையைச் சீண்டும். இனிப்பு மிட்டாயைச் சப்பினால் சர்க்கரை நோயாளிக்கு வேறு தலைவலி. உமிழ்நீர் வற்றிய வாயில் பல் சொத்தையும் விரைவாகப் பரவும், பொய்ப்பல் ஈறைக் கிழிக்கும். காய்ந்த நெல்லித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பது எளிய வழி.

ஆனால் நம் ஊருக்கென்று தனியாக அடிக்கோடிட வேண்டியது வாய் அல்ல, வியர்வை. உடம்பின் வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் ஒரு விநோதப் பிறவி. அவை பதற்றம், ஓட்டம், சண்டை ஆகியவற்றுக்கான நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. அந்த மண்டலம் பொதுவாக நார்அட்ரினலினைச் சுரக்கும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் கிளை மட்டும் அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. ஆகவே சிறுநீர்ப்பை மாத்திரை வியர்வையையும் குறைக்கும். எவ்வளவு என்றால், உள்ளங்கை நனையும் அளவு அதிகமாக வியர்ப்பவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் அதே ஆக்ஸிபியூட்டினினைக் கொடுத்து வியர்வையை அடக்குகிறார்கள். ஒருவருக்குப் பக்க விளைவு, இன்னொருவருக்குச் சிகிச்சை.

சுற்றியுள்ள காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் நமக்கு மிஞ்சும் ஒரே குளிர்ச்சி வியர்வை ஆவியாவதுதான். மேற்கே கொடைக்கானல், கிழக்கே சிறுமலை என்று இருபுறமும் மலை இருந்தும் இடையில் உள்ள சமவெளி மே மாதத்தில் 40 டிகிரியை ஒட்டிக் காய்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர், தகரக் கூரைப் பட்டறையில் நிற்கிறவர், வெயிலில் பழனிக்குப் பாதயாத்திரை போகிற பெரியவர் இந்த மாத்திரையை எடுத்தால், அவருக்கு வெப்ப மயக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கூடவே பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்தால் இன்னும் அதிகம். மருந்துத் தாளில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் சீட்டு எழுதும்போது ‘என்ன வேலை செய்றீங்க, வெயில்ல நிப்பீங்களா?’ என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஆகவே கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். கத்திரி முடியும்வரை அளவைக் குறைக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும்.

இனி கண். குவியத் தசை தளர்ந்தால் கிட்டத்தில் இருப்பது மங்கும். சின்னாளபட்டித் தறிக்காரர், பூட்டுப் பட்டறையில் சாவியின் பல்லை அரம் கொண்டு ராவுகிறவர் இதை முதல் வாரமே உணர்வார்கள். மங்கல் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சரியாகும். ஆபத்தானது வேறு. கண்ணின் முன்னறைக் கோணம் பிறவியிலேயே குறுகியிருப்பவர்களுக்குக் கண்மணி விரியும்போது கண்நீர் வடியும் வழி அடைபட்டு, அழுத்தம் திடீரென்று ஏறலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தின் மூன்று மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், கண் அழுத்த நோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. இந்த மாத்திரையைத் தொடங்கும்முன் ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுவது வீண் செலவு அல்ல.

ஆண்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அறுபதைத் தாண்டியவரின் அவசரத்துக்குப் புராஸ்டேட் வீக்கமும் காரணமாக இருக்கும். வெளியேறும் வழி ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கையில், தள்ளும் தசையையும் தளர்த்திவிட்டால் சிறுநீர் ஒரேயடியாக நின்றுபோகலாம். சிறுநீர் கழித்த பிறகு பைக்குள் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு மருந்து எழுதுவது இதற்காகத்தான். திண்டுக்கல்லில் எந்த ஸ்கேன் மையத்திலும் சில நிமிட வேலை.

வயதானவர்களின் மூளைக்கு வருவோம். நினைவாற்றலோடு தொடர்புள்ள எம்1 ஏற்பி மூளையில் இருக்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை ஆக்ஸிபியூட்டினின் எளிதாகக் கடக்கும். 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, மறதி நோய் வந்த 58,769 பேரின் பழைய மருந்துப் பதிவுகளை, நோய் வராத 2,25,574 பேரின் பதிவுகளோடு ஒப்பிட்டது. மூன்றாண்டு தினமும் எடுத்ததற்குச் சமமான அளவில் இவ்வகைச் சிறுநீர்ப்பை மருந்தை எடுத்தவர்களிடம் மறதி நோய்க்கான வாய்ப்பு சுமார் 65 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. மருந்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சிறுநீரை அடக்க முடியாமல் போவதே சிலருக்கு மறதி நோயின் முன்னறிகுறி. ஆனாலும் எழுபது வயதுக்காரருக்கு ஆக்ஸிபியூட்டினினை வருடக்கணக்கில் ஓட்டுவதை இன்று முதியோர் மருத்துவர்கள் விரும்புவதில்லை. ட்ரோஸ்பியம் மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு என்பதால் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. இந்தக் குணத்தை 2024இல் அமெரிக்காவில் மனச்சிதைவு நோய்க்கு அனுமதி பெற்ற ஒரு கூட்டு மருந்து சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டது. மூளைக்குள் வேலை செய்யும் மருந்து உடம்பின் மற்ற இடங்களில் செய்யும் தொந்தரவை, வெளியே நிற்கும் ட்ரோஸ்பியம் தடுத்துவிடுகிறது.

ஒரு மாத்திரையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பெரியவர்களின் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். சளிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின், அரிப்புக்கு பெனிரமின், வயிற்று வலிக்கு டைசைக்ளோமின், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் என்று அசிட்டைல்கோலினைத் தடுப்பவை மூன்று நான்கு சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் வறட்சி, கொஞ்சம் மலச்சிக்கல், கொஞ்சம் மந்தம். கூட்டிப் பார்த்தால் ‘அப்பா ஒரு வாரமா ஒரு மாதிரியா பேசுறாரு’ என்பதில் போய் நிற்கும். எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. சர்க்கரைக்கு இன்று பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி வேலை செய்கிறது. 2020இல் காப்புரிமை முடிந்து விலை சரிந்த பிறகு அது சிற்றூர் வரை வந்துவிட்டது. அதைத் தொடங்கிய நாளிலிருந்து அடிக்கடி போகிறவருக்குச் சிறுநீர்ப்பையில் கோளாறு என்று இன்னொரு மாத்திரை எழுதினால், ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து என்று கதை நீளும். கட்டுப்படாத சர்க்கரையும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், இரத்தச் சர்க்கரையும் சிறுநீர்ச் சோதனையும் முடியாமல் இந்த மாத்திரைக்குப் போகவே கூடாது.

வேறு வழியே இல்லையா என்றால், மிராபெக்ரான் இருக்கிறது. ஜப்பானில் 2011இலும் அமெரிக்காவில் 2012இலும் அனுமதி பெற்றது. இது அசிட்டைல்கோலின் பக்கமே போவதில்லை. பீட்டா-3 என்ற வேறொரு ஏற்பியைத் தூண்டி, பை நிரம்பும்போது தசையைத் தளர்த்துகிறது. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மிகக் குறைவு, வியர்வையைத் தொடுவதில்லை. வெயில் ஊருக்கு இது பொருத்தமானது என்பதே என் எண்ணம். ஆனால் இது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ எட்டி, கட்டுப்படாமல் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. மெட்டோபுரோலால் மாத்திரை எடுப்பவர்களுக்கு, அதைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தை மிராபெக்ரான் குறைத்து இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். நாடி மிக மெதுவாகிவிடலாம். இந்தியச் சந்தையில் மிராபெக்ரானும் சோலிஃபெனாசினும் ஒரே மாத்திரையாகவும் விற்கின்றன. தனியாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும்முன்பே கூட்டு மாத்திரையில் தொடங்கினால், தொல்லை வரும்போது எதனால் என்று பிரிக்க முடியாது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தோ பொடித்தோ விழுங்குவதும் கூடாது, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

பக்க விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெரோடிலின் ஒரு பாடம். பிரிட்டனில் சிறுநீர்ப்பைக்கு நன்றாக ஓடிய மருந்து. முதியவர்களின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குவது தெரிந்ததும் 1991இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்றைய மருந்துகளில் பல அந்தப் பாடத்துக்குப் பிறகு வந்தவை.

உயிருக்கு ஆபத்தானவை அரிது. சலிப்புத் தருபவைதான் அதிகம், மருந்தைக் கைவிடச் செய்பவையும் அவையே. பிரிட்டனில் மருந்துச் சீட்டுகளைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஒரு கணக்கின்படி, ஓராண்டு முடிவில் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள் சோலிஃபெனாசினில் 35 சதவீதம், பழைய ஆக்ஸிபியூட்டினினில் 22 சதவீதம். மற்றவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். நம் ஊரிலும் விடுகிறார்கள், ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறார்கள். வகையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம் என்ற வாய்ப்பு அதோடு போய்விடுகிறது.

மாத்திரைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது. மூன்று நாள் ஒரு நோட்டில் எப்போது எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், எப்போது முட்டியது என்று எழுதிவைப்பது. பலருக்குக் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்: மாலை ஐந்துக்கு மேல் மூன்று டீ, படுக்கும்முன் ஒரு செம்புத் தண்ணீர். பிறகு பயிற்சி. முட்டியதும் ஓடாமல் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து நிமிடம் என்று தள்ளிப்போடுவது; சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது. இந்தத் தசைப் பயிற்சி ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதிவைத்தது. ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தால் மாத்திரைக்கு ஈடாகப் பலன் காண்பவர்கள் உண்டு. மாத்திரையோடு சேர்த்துச் செய்தால் குறைந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம். இதைச் சொல்லிக்கொடுக்க நேரம் வேண்டும், புறநோயாளிப் பிரிவின் வரிசையில் அந்த நேரம் கிடைப்பதில்லை. நீங்களாகக் கேட்டால் கிடைக்கும்.

மாத்திரை தொடங்கிவிட்டவர்கள் அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், கடையில் சும்மா வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாய் வறட்சி, மலச்சிக்கல், லேசான மங்கல் ஆகியவற்றை அந்தச் சந்திப்பில் சொன்னால் போதும். மூன்று விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்: அடிவயிறு உப்பியும் சிறுநீர் வராமல் பல மணி நேரம் ஆவது, கண் சிவந்து தலைவலியோடு பார்வை மங்குவது, வெயிலில் வியர்வையே இல்லாமல் உடம்பு கொதித்துப் பேச்சு குழறுவது. இவற்றில் எது வந்தாலும் எந்த மாத்திரை எடுக்கிறோம் என்று எழுதிய சீட்டோடு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.